நிக்கோடீமஸ்: கான்சஸ் புல்வெளியில் ஓர் உழவர் ஊர் உருவான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1877-ல், அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, கென்டக்கியிலிருந்து கிளம்பிய கறுப்பினக் குடும்பங்கள் கான்சஸ் மாநிலத்தின் மரமில்லாத புல்வெளியில் ஓர் ஊரை உண்டாக்கின. பெயர் நிக்கோடீமஸ். இந்த ஊரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. பலருக்கும் முதல் எண்ணம், ‘அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்தது, போய் உட்கார்ந்துகொண்டார்கள்’ என்பதுதான். நிலம் கிடைத்தது சுலபம், உண்மை. முதல் அறுவடை வரைக்கும் உயிரோடு இருந்ததுதான் கஷ்டம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

கான்சஸின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி), சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடகரையில். ஆண்டு மழை 20 அங்குலத்தை ஒட்டித்தான். வந்தவர்கள் விட்டு வந்த கென்டக்கியில் இதைப்போல இரண்டு பங்குக்கு மேல் பெய்யும். அவர்களுக்குத் தெரிந்த விவசாயம் ஈரமான, மரங்கள் அடர்ந்த நாட்டின் விவசாயம். இங்கே வந்து எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

யார் தொடங்கியது?

1877 ஏப்ரலில் ‘நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி’ என்று ஒன்று பதிவானது. அதன் முக்கியமான இரண்டு ஆட்கள்: இந்தியானாவைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையர், டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். ஹில்லுக்குத் தொழிலே நிலத்தை மனையாக்கி ஊர் எழுப்புவதுதான். கம்பெனியின் தலைவர் ஸ்மித், செயலாளர் சைமன் ரவுண்ட்ரீ. ரவுண்ட்ரீயும் போதகர்தான், அந்தக் கோடையிலேயே முதல் ஆளாக அங்கே போய்க் குடியேறினார். அடுத்த சில வாரங்களில் ஸக்கரி ஃபிளெட்சர் வந்தார்.

போதகர்கள் இத்தனை பேர் இருப்பது தற்செயல் இல்லை. கென்டக்கியில் ஒரு சபையே சேர்ந்து முடிவெடுத்தால்தான் கூட்டமாகக் கிளம்ப முடியும். ஹில் அங்கே போய்ப் பேசியதும் தேவாலயங்களில்தான். துண்டறிக்கைகளும் அச்சடித்தார்கள். செப்டம்பரில் கான்சஸ் போக விரும்பும் கறுப்பினத்தவர் 5 டாலர் கட்டிச் சேரலாம் என்று லெக்சிங்டனில் ஒட்டிய அறிக்கை இன்றைக்கும் பல அருங்காட்சியகக் கட்டுரைகளில் படமாக வருகிறது.

கென்டக்கியை விட்டு ஏன் வர வேண்டும்? போர்தான் முடிந்துவிட்டதே?

கென்டக்கி கொஞ்சம் வித்தியாசமான மாநிலம். உள்நாட்டுப் போரில் அது பிரிந்து போகவில்லை. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் பிரிந்து போன பகுதிகளுக்கு மட்டும்தான், அதனாலேயே அது அங்கே செல்லுபடியாகவில்லை. அடிமைமுறை அங்கே முடிவுக்கு வந்தது 1865 டிசம்பரில், 13-ஆவது சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். அந்தத் திருத்தத்தைக் கென்டக்கி சட்டமன்றம் ஒப்புக்கு ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1976-ல்.

விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் பயிர் வைத்து, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கி, அறுவடையில் கணக்குப் பார்த்தால் மறுபடியும் கடன். முகமூடிக் கும்பல்களின் வன்முறை வேறு. இன்னொரு பக்கம் கான்சஸ், 1861-ல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்காக அங்கே ரத்தம் சிந்தப்பட்ட கதை கறுப்பின மக்களிடையே நன்றாகப் பரவியிருந்தது. சொந்த நிலம், கான்சஸ் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கூட்டம் வராமல் இருக்குமா?

நிலம் உண்மையிலேயே இலவசமா?

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் 1862 மே 20-ல் கையெழுத்திட்டார். 1863 ஜனவரி 1 முதல் நடைமுறை. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருந்து, அமெரிக்கக் குடிமகனாகவும் இருந்தால் (ஆக விரும்புவதாக மனுச் செய்திருந்தாலும் போதும்) 160 ஏக்கர் வரை பதிந்துகொள்ளலாம். கறுப்பினத்தவரின் குடியுரிமையை 1868-ல் வந்த 14-ஆவது திருத்தம் உறுதி செய்திருந்தது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்து, இரண்டு சாட்சிகளோடு நில அலுவலகத்தில் நிரூபித்தால் பட்டா. கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர் சுமாருக்கு வரும். இந்தப் பகுதிக்கான நில அலுவலகம் கிர்வின் என்ற ஊரில் இருந்தது.

காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கவும் சட்டத்தில் வழி இருந்தது. அப்படிப் பார்த்தால் 160 ஏக்கருக்கு 200 டாலர். கையில் அவ்வளவு பணம் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் அபூர்வம்.

இப்போது கணக்கின் மறுபக்கம். உழவு மாடோ குதிரையோ ஒரு ஜோடி, கலப்பை, வண்டி, விதை, கிணறு, வீட்டுக்குக் கதவு ஜன்னல், ஓராண்டுச் சாப்பாடு. இதெல்லாம் சில நூறு டாலர் பிடிக்கும். இதை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை, எந்தத் துண்டறிக்கையும் சொல்லவுமில்லை. நிலத்துக்கு வேண்டிய பணத்தோடு வந்தவர்கள் உண்டு, பண்ணைக்கு வேண்டிய பணத்தோடு வந்தவர்கள் அநேகமாக இல்லை.

தன்னுடைய 160 ஏக்கர் எது என்று வெட்டவெளியில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அரசு நில அளவையாளர்கள் முன்பே கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 பகுதிகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால்பங்குதான் 160 ஏக்கர், அரை மைலுக்கு அரை மைல் சதுரம். மூலைகளில் கல்லோ மண்மேடோ குழியோ அடையாளம். புல் வளர்ந்துவிட்டால் புதிதாக வந்தவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இடம் காட்டி விடுவதற்கென்றே காசு வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். ஹில் சம்பாதித்ததில் ஒரு பகுதி இந்த வழியில்தான்.

முதல் கூட்டம் வந்து சேர்ந்த அன்று என்ன நடந்தது?

1877 செப்டம்பர் 17 என்று தேதி சொல்வார்கள். கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ரயிலில் கான்சஸிலுள்ள எல்லிஸ் என்ற ஊர் வரை வந்தார்கள். அதற்கு மேல் ரயில் பாதை இந்தப் பக்கம் இல்லை. மிச்சம் 35 மைல் நடை. மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, வயதானவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள்.

வந்து பார்த்தால் ஊர் இல்லை. தெரு, கடை, வீடு எதுவும் இல்லை. புல், வானம், மண்ணைக் குடைந்து இருந்த ஒன்றிரண்டு குழிகள். வந்தவர்களில் அறுபது குடும்பங்கள் அடுத்த நாளே திரும்பி நடந்தன என்பது ஊர் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. அவர்களைக் கோழைகள் என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குளிர்காலம் இரண்டு மாதத்தில் வரப்போகிறது, விதைப்பருவம் போய்விட்டது, கையில் தானியம் இல்லை. குழந்தைகளை வைத்திருந்தவர்கள் போட்ட கணக்கு சரியான கணக்குதான்.

அடுத்த வசந்தத்தில், 1878-ல், கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலிருந்து போதகர் டேனியல் ஹிக்மன் தலைமையில் இன்னொரு கூட்டம் வந்தது. எல்லிஸில் தட்டம்மை கண்டு குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். அவர்களை அங்கேயே புதைத்துவிட்டு மேலே நடந்தார்கள். போதகரின் மனைவி வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் சொன்ன நினைவு பலருக்கும் தெரிந்தது. நிக்கோடீமஸ் வந்துவிட்டது என்று ஆண்கள் கூவுகிறார்கள். எங்கே, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று இவர் கேட்கிறார். தரையிலிருந்து அங்கங்கே எழும் புகையைக் கணவர் காட்டுகிறார். மனிதர்கள் நிலத்துக்கடியில் இருந்தார்கள். வில்லியானா அழத் தொடங்கினார். ஆனால் தங்கினார்.

அந்தக் குழிவீடு எப்படிக் கட்டப்பட்டது?

ஓடைக்கரையிலோ மேட்டுச் சரிவிலோ பக்கவாட்டில் குடைந்து ஓர் அறை. மூன்று பக்கம் மண்ணே சுவர். முன்பக்கம் மட்டும் கல்லோ புல்கட்டியோ அடுக்கி, அதில் ஒரு கதவு, முடிந்தால் ஒரு சின்ன ஜன்னல். மேலே நடுவில் ஒரு கட்டை. ஆற்றோரத்தில் மட்டும் வளரும் பருத்திமரம் (காட்டன்வுட்), வில்லோ போன்றவற்றிலிருந்து அதை வெட்டி வர வேண்டும். கட்டையின் மேல் கிளைகள், அதன் மேல் புல், எல்லாவற்றுக்கும் மேல் மண். உள்ளே கணப்பு, அதன் புகைபோக்கி மட்டும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் வசதி வந்ததும் தரைக்கு மேலே புல்கட்டி வீடு. புல்வெளியின் மேல்மண் வேர்ப்பின்னலால் இறுகிக் கிடக்கும். கலப்பையால் ஓர் அடி அகலத்தில், மூன்று நான்கு அங்குல கனத்தில் நீள நீளமாகப் புரட்டி, அதை மண்வெட்டியால் இரண்டு மூன்று அடி நீளத்துக்குத் துண்டு போட்டால் செங்கல் தயார். புல் உள்ள பக்கத்தைக் கீழே வைத்து அடுக்குவார்கள். சுவர் இரண்டடி கனத்துக்கு வரும். கோடையில் உள்ளே குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு, காட்டுத்தீக்குப் பயமில்லை. இந்தப் பகுதியில் கிடைக்கும் மென்மையான சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துக் குழைத்து உள்சுவரில் பூசினால் வெளிச்சமும் கூடும்.

மழை பெய்தால் கதை வேறு. வெளியே மழை ஒரு நாளில் விட்டால் உள்ளே மூன்று நாள் சேறாகச் சொட்டும். கூரை மண் சமையல் பாத்திரத்தில் விழாமல் இருக்க மேலே துணி கட்டுவார்கள். பாம்பு கூரையிலிருந்து தொங்கியதைப் புல்வெளிக் குடியேறிகள் அநேகமாக எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள்.

முதல் குளிர்காலத்தில் எதைச் சாப்பிட்டார்கள்?

செப்டம்பரில் வந்ததுதான் பெரிய கோளாறு. வந்தவுடன் எதையும் விதைத்து அறுக்க முடியாது. அடுத்த விளைச்சலுக்குப் பத்து மாதமாவது காத்திருக்க வேண்டும். முயல் மாதிரி சிறு வேட்டை, கொண்டு வந்ததில் மிச்சம், கான்சஸின் மற்ற ஊர்களில் திரட்டிய உதவி என்று ஓட்டினார்கள். நிவாரணம் கேட்டு ஆட்களை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள்.

வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் அந்தக் குளிர்காலத்தில் இறைச்சி கொடுத்துவிட்டுப் போனதையும் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஓசேஜ் மக்கள் கான்சஸில் தங்களுக்கு இருந்த நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டு அப்போது சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு குழிவீட்டில் எம்மா வில்லியம்ஸ் என்பவருக்கு மகன் பிறந்தான். ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். ஊரில் பிறந்த முதல் குழந்தை.

உழவு மாடுகூட இல்லாமல் எப்படி விவசாயம் செய்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் நிற்குமா விழுமா என்பது இதில்தான் இருந்தது.

மொத்தக் குடியேற்றத்துக்கும் தொடக்கத்தில் மூன்றே குதிரைகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. புல்வெளியை முதன்முறை உடைப்பது சாதாரண உழவு இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேர் பின்னிய மண். அதைக் கிழிக்க எஃகுக் கொழு வைத்த தனிக் கலப்பை வேண்டும். வசதியுள்ள இடங்களில் நான்கு, ஆறு எருதுகளைப் பூட்டுவார்கள். அப்படியும் ஒரு நாளைக்கு ஓரிரண்டு ஏக்கர்தான். இவர்களிடம் இருந்தது மண்வெட்டி, கொத்து, கோடாரி. கறவை மாட்டை ஏரில் பூட்டியவர்கள் உண்டு. மண்வெட்டியாலேயே கொத்தியவர்கள் அதிகம்.

கோடாரி எதற்கு? உடைத்துப் புரட்டிய புல்கட்டியில் கோடாரியால் ஒரு வெட்டு வெட்டி, பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டு, குதிகாலால் மிதித்து மூடிவிட்டுப் போவது புல்வெளியில் எல்லோரும் செய்த வழக்கம். களை எடுக்க வேண்டாம், ஆனால் விளைச்சல் ரொம்பக் குறைவு. அதுவும் மழை கைகொடுத்தால்தான்.

உடைப்பதற்கு ஒரு பருவமும் இருக்கிறது. வசந்தத்தின் பிற்பகுதியில், புல் வீரியமாக வளரும்போது புரட்டினால் வேர் செத்து மக்கும். தாமதமாகப் புரட்டினால் கட்டி மக்காமல் காய்ந்து கல்லாகக் கிடக்கும். அடுத்த ஆண்டும் அதே வேலை. முதல் ஆண்டு மக்கவிட்டு மறுபடி உழுதால்தான் கோதுமை. 1874-ல் ரஷ்யப் பகுதிகளிலிருந்து வந்த மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடியேறிகள் கொண்டுவந்த ‘டர்க்கி ரெட்’ என்ற குளிர்காலக் கோதுமை கான்சஸின் மானாவாரி நிலத்துக்கு எடுப்பாக இருந்தது. பின்னாளில் அந்த மாநிலமே கோதுமைக்குப் பேர் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கோதுமைக்குப் போக வேண்டுமானால் குதிரை வேண்டும், குதிரை வாங்கப் பணம் வேண்டும்.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

கூலி வேலையிலிருந்து. ஆண்கள் எல்லிஸுக்கும் அதற்கு அப்பாலும் ரயில்வே வேலைக்குப் போனார்கள், சிலர் கொலராடோ வரைக்கும். பெண்கள் பக்கத்து ஊர்களில் வீட்டு வேலை, துணி துவைக்கும் வேலை பார்த்தார்கள். புல்வெளியில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்புகளைப் பொறுக்கி விற்றால் டன்னுக்குச் சில டாலர் கிடைத்தது. எலும்பு உரமாகவும் சர்க்கரை வெளுக்கவும் கிழக்கே போனது.

ஹோம்ஸ்டெட் சட்டத்தில் இதற்கு ஓர் இடைவெளி இருந்தது: தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால்தான் உரிமை பறிபோகும். அதனால் விதைத்துவிட்டுக் கூலிக்குப் போய், அறுவடைக்குத் திரும்பலாம். குடும்பம் குழிவீட்டில் இருந்து உரிமையைக் காக்கும், வீட்டுக்காரர் வெளியே சம்பாதித்து அதே நிலத்தில் கொட்டுவார். ‘சுயசார்பு உழவர்’ என்று இந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதுவார்கள். என்னைக் கேட்டால், நிக்கோடீமஸை முதல் மூன்று நான்கு ஆண்டு தாங்கியது ரயில்வே சம்பளமும் பெண்களின் துவைப்புக் கூலியும்தான்.

விறகுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தார்கள்?

காட்டெருமைச் சாணம் புல்வெளியெங்கும் தானாகவே காய்ந்து வறட்டியாகக் கிடந்தது. அதுதான் அடுப்புக்கு. அது தீர்ந்ததும் சூரியகாந்தித் தண்டு, சோளத்தட்டை. தண்ணீர் ஆற்றிலிருந்து, பிறகு கையால் தோண்டிய கிணறுகளிலிருந்து.

அதற்கு முன்பு அந்த நிலம் யாருடையது?

பானி பழங்குடி மக்களும், பிறகு ஷையன், அரபாஹோ பழங்குடி மக்களும் வேட்டையாடிய நாடு அது. பானிகள் வடக்குக் கான்சஸை 1833 ஒப்பந்தத்தில் கைவிட்டார்கள். 1867 மெடிசன் லாட்ஜ் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஷையன்களும் அரபாஹோக்களும் தெற்கே தள்ளப்பட்டார்கள். நிக்கோடீமஸுக்கு ஒரு வயது ஆனபோது, 1878 செப்டம்பரில், வட ஷையன் மக்களில் ஒரு பகுதியினர் தங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும் முயற்சியில் மேற்குக் கான்சஸைக் கடந்து வடக்கே போனார்கள். ‘காலி நிலம்’ என்ற சொல்லை இந்த வரலாற்றில் யார் பயன்படுத்தினாலும் ஒரு தடவை நின்று யோசிப்பது நல்லது. அடிமைகளாய் இருந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது நியாயம்தான். அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மூட முடியாது.

ஹில் மோசடிக்காரரா?

அவருடைய அறிக்கைகள் சொன்ன செழிப்பு அங்கே இல்லை. அதில் சந்தேகம் இல்லை. கோபம் கொண்டவர்கள் அவரைத் தூக்கில் போடவே பேசினார்கள் என்றும், வைக்கோல் ஏற்றிய வண்டிக்குள் ஒளிந்து அவர் தப்பினார் என்றும் வாய்வழிக் கதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் ரயில்வே கம்பெனிகளே இதைவிடப் பெரிய பொய்களை ஐரோப்பா வரை அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தன. பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்த ஆளும் இல்லை ஹில். அதே கவுண்டியில் தங்கினார். பக்கத்திலுள்ள ஹில் சிட்டி அவர் பெயரில்தான் இருக்கிறது. வியாபாரி என்பது சரியான சொல். பத்து மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்யாமல் முந்நூறு பேரை வரவழைத்த வியாபாரி.

பெண்கள் தங்கள் பெயரில் நிலம் பதிய முடிந்ததா?

திருமணமாகாத பெண்களும் விதவைகளும் பதியலாம். கணவர் இருந்தால் அவர் பெயரில்தான். ஊர் நிர்வாகத்தில் பெண்களின் பங்கு நிலப் பதிவேட்டில் தெரிவதைவிட அதிகம். ஜென்னி ஸ்மித் ஃபிளெட்சர் முதல் பள்ளி ஆசிரியை. அஞ்சலகப் பணியும் பார்த்தார். அவர் கணவர் ஸக்கரி முதல் போஸ்ட் மாஸ்டர். அஞ்சலகம், பள்ளிக்கூடம் எல்லாம் ஆரம்பத்தில் ஒரே குழிவீட்டுக்குள். பிறகு அந்தக் குடும்பமே செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டலை நடத்தியது.

அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம். அதை நினைத்துப் பார்த்தால், வீட்டுக்குக் கதவு மாட்டும் முன்பே பள்ளி தொடங்கியது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

எப்போது ‘ஊர் நிலைத்துவிட்டது’ என்று சொல்லலாம்?

1880 வாக்கில். அந்த ஆண்டு ஊரிலும் சுற்றியுள்ள டவுன்ஷிப்பிலுமாக 258 கறுப்பினத்தவரும் 58 வெள்ளையரும் இருந்தார்கள். 1879-லேயே சுண்ணாம்புக்கல்லில் ஒரு கடை எழுந்துவிட்டது. கிரஹாம் கவுண்டியின் முதல் பள்ளி மாவட்டம் இங்கேதான் அமைந்தது. 1880-களின் நடுவில் மழை நன்றாகப் பெய்ய, கோதுமை விலை போக, இரண்டு செய்தித்தாள்கள், வங்கி, மருந்துக்கடை, தேவாலயங்கள், பேஸ்பால் குழு என்று ஊர் களைகட்டியது.

ஆனால் ‘ஊர்’ என்றதும் நெருக்கமான தெருக்களைக் கற்பனை செய்ய வேண்டாம். சட்டப்படி அவரவர் 160 ஏக்கரிலேயே குடியிருந்தாக வேண்டும். ஆகவே வீடுகள் அரை மைல், ஒரு மைல் தள்ளித் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்தான் ஊர் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க முடியும்.

ரயில் வராததால்தான் ஊர் சரிந்ததா?

பெரும்பாலும் ஆமாம். கோதுமையை 35 மைல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பினால், போக வர நாலு நாள். விலையில் பாதி வழியிலேயே போய்விடும். ரயில் நிலையம் வந்த ஊர் வளரும், வராத ஊர் தேயும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1887-ல் டவுன்ஷிப் மக்கள் வாக்களித்து, மிசௌரி பசிஃபிக் ரயில்வேக்கு 16,000 டாலர் கடன்பத்திரம் தர ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டுக்கு முன்பு குழிக்குள் இருந்தவர்களுக்கு அது பெரிய தொகை. ரயில் வரவில்லை. 1888-ல் யூனியன் பசிஃபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தென்கரையில், சில மைல் தள்ளி. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடீமஸ் கடைக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு, சிலர் கட்டடத்தையே நகர்த்திக்கொண்டு, ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கவனிக்க வேண்டியது, போனவர்கள் வியாபாரிகள். உழவர்கள் அவ்வளவாகப் போகவில்லை. நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. ஊரின் கடைத்தெரு காலியான பிறகும் சுற்றுப்புறத்தில் கறுப்பின உழவர் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் பயிர் செய்தன. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் விலைச் சரிவும்தான் அவர்களையும் அசைத்தன. 1953-ல் அஞ்சலகம் மூடப்பட்டது.

இவர்களும் ‘எக்ஸோடஸ்டர்கள்’தானா?

சேர்த்துப் பேசுவது வழக்கம், ஆனால் கொஞ்சம் வேறு. எக்ஸோடஸ்டர்கள் என்பது 1879-ல் மிசிசிப்பி, லூசியானா பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் கான்சஸுக்குத் திரண்டு வந்தவர்களைக் குறிக்கும். நிக்கோடீமஸ் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது, கம்பெனி பதிவு செய்து, திட்டம் போட்டு வந்தது.

எட்வர்ட் மெக்கேப் யார்?

1878-ல் இங்கே வந்த இளைஞர். 1880-ல் கிரஹாம் கவுண்டி அமைக்கப்பட்டபோது ஆளுநர் அவரைத் தற்காலிகக் கவுண்டி எழுத்தராக நியமித்தார். 1882-ல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1884-ல் மறுபடியும். கான்சஸில் மாநில அளவிலான பதவிக்கு வென்ற முதல் கறுப்பினத்தவர். பிறகு ஓக்லஹோமா போய், 1890-ல் லாங்ஸ்டன் என்ற கறுப்பின ஊரைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

இது ஒரே ஓர் ஊரின் கதைதானா?

இல்லை. பெரும் சமவெளி மாநிலங்களில் சுமார் 3,500 கறுப்பினத்தவர் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் பட்டா வாங்கியதாகவும், மொத்தம் சுமார் 6,50,000 ஏக்கர் அவர்கள் கைக்கு வந்ததாகவும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் டிவிட்டி, கொலராடோவில் டியர்ஃபீல்ட் போன்ற ஊர்கள் அப்படி எழுந்தவை. அவற்றில் குடியிருப்பு மிஞ்சவில்லை. நிக்கோடீமஸில் இன்னும் ஆள் இருக்கிறது.

இன்றைக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

யு.எஸ். 24 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 1996-ல் தேசியப் பூங்கா சேவையின் கீழ் தேசிய வரலாற்றுத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஐந்து கட்டடங்கள்: டவுன்ஷிப் கூடம், முதல் பாப்டிஸ்ட் தேவாலயம், ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல், 1918-ல் கட்டிய பள்ளி. குழிவீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. தரையில் பள்ளமாகத் தெரியும் இடங்கள்தான் மிச்சம்.

ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் சொற்பம். ஜூலை கடைசி வார இறுதியில் போனால் விழாக் கூட்டம் இருக்கும். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான ஆகஸ்ட் 1-ஐ ஒட்டித் தொடங்கிய விழா அது. வெளியூர்களில் இருக்கும் வாரிசுகள் எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். தங்க இடம் வேண்டுமென்றால் ஹில் சிட்டியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.